நூறு மீட்டருக்குள் ஒரு கண்ணாடி

மதுவிலக்கு உள்ள மாநிலத்திலிருந்து அரசாங்கமே மதுக்கடை நடத்தும் மாநிலத்துக்கு நான் போனது, குடியை விட்ட ஒரு மனிதரைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வருவதற்காக. அவர் என் தங்கை ராஜகனியின் கணவர் பொன்னுலிங்கம். விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. கொட்டாரத்தில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, வருகிற வியாழக்கிழமை ஒரு கடை திறக்கப்போவதாகச் செய்தி. "அண்ணே, கடை தொறந்தா அவிய தாங்க மாட்டாவ. அகமதாபாத்லதான் அது கிடையாதுல்லா? எங்கள அங்க கூட்டிட்டுப் போயிரு" என்று தங்கை போனில் அழுதாள். அவள் அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நான் குடியிருக்கும் மணிநகரில் ஒரு போன் போட்டால் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் ஆள் வந்துவிடுவான். பால் பாக்கெட்டுக்காகக் கதவில் மாட்டியிருக்கும் பையில் சரக்கைப் போட்டுவிட்டுப் போவான். மணியடிக்க மாட்டான், அவ்வளவு நாகரிகம். மனைவி போய்ச் சேர்ந்த நான்கு வருடத்தில் அவன் வராத வாரம் கிடையாது. முதலில் வாரம் ஒருமுறை வந்தவன் இப்போது நான்கு முறை வருகிறான். ராஜகனியோ, தனியாக இருந்தும் அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் கன்னியாகுமரி பஸ் ஏறினேன். கொட்டாரத்தில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடை தேடிக்கொண்டு போனதில் ஊர் போய்விட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாது என்று சட்டம் வந்த பிறகு போர்டு எதுவும் கண்ணில் படுவதில்லை. ஆனால் சில சந்துகளுக்குள் ஆண்கள் விறுவிறுவென்று நுழைகிறார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வெளியே வருகிறார்கள். எந்த மாநிலமானாலும் அந்த நடை எனக்குத் தெரியும். மூன்றாவது சந்து வருவதற்குள் கடல் வந்துவிட்டது.

"பாட்டா, கொட்டாரம் டிக்கெட்டுல்லா எடுத்திய? உறங்கிட்டியளா?" என்றார் நடத்துநர். நான் உறங்கவில்லை. அறுபத்தொரு வயதில் பாட்டாவாக ஆகவும் எனக்குச் சம்மதமில்லை. இரண்டையும் சொல்லாமல் இறங்கினேன்.

உலகமே வந்து படம் பிடிக்கிற இடத்தில் என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. ஒரு சாயா குடித்தேன். எங்கள் ஊர் சாயில் இஞ்சியும் புதினாவும் போட்டு, விரல் நீளக் குவளையில் தருவார்கள். இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். இங்கே கண்ணாடி கிளாஸில் பாதி உயரத்துக்கு நுரை நிற்கிறது. அதை ஊதி முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. திரும்புகிற பஸ்ஸில் இடம் இருந்தும் படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன்.

"எங்கண்ணே போயிட்ட? மூணு பஸ்ஸு பாத்தாச்சு" என்று குடையும் கையுமாக நின்றாள் ராஜகனி. மணிநகரில் பிறந்து குஜராத்தியில் சண்டை போட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் முழுக்க இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். பேச்சு ஏறி இறங்கி இழுத்துக்கொண்டு போகிறது. திட்டினாலும் ராகமாக இருப்பதால், திட்டு என்று உறைக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது.

மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சிமெண்டுச் சாலையில் நடந்தோம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு. வளைவில் புதிதாக ஒரு ஷட்டர் கட்டடம். முன்னால் கம்பி வலை, அதில் ஒரு கை மட்டும் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "இதுதான்" என்றாள். சொல்லியிருக்கவே வேண்டாம், அந்த ஓட்டையைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஊறிவிட்டது. பொன்னுலிங்கம் தினமும் வேலைக்குப் போக இதைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

வீட்டை ஒட்டி ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே பெரிய நிலைக்கண்ணாடி. பஸ் காற்றில் என் தலை பரட்டையாகக் கிடந்தது. மாப்பிள்ளை முன்னால் இந்தக் கோலத்தில் போய் நிற்க வேண்டாமே என்று வாசலில் நின்று சீப்பை எடுத்தேன். இரண்டு இழுப்பு இழுத்திருப்பேன்.

"அண்ணே! என்ன காரியம் செய்ய? அது தாங்கலு!"

கண்ணாடிக்கு முன்னால் விளக்கு எரிவதை அப்போதுதான் பார்த்தேன். அது அய்யாவழி மக்கள் கும்பிடும் நிழல் தாங்கல். கோபுரம் கிடையாது, சிலை கிடையாது, கண்ணாடிதான். ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். கல்யாணத்துக்கு ஒருமுறை வந்தபோது நான் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அதன் பிறகு தங்கையும் மாப்பிள்ளையும்தான் அகமதாபாத்துக்கு வருவார்கள். சீப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

"விடு ராஜகனி. அளக்க வந்த ஆபீசரும் இதத்தான செய்தாரு" என்று சிரித்துக்கொண்டே வந்தார் பொன்னுலிங்கம். ஒல்லியான உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம், என்னைவிட மூன்று வயது இளையவர். விஷயம் இதுதான். பேரூராட்சிப் பகுதியில் வழிபாட்டு இடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நூறு மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது. சரிபார்க்க வந்த வெளியூர் அலுவலர், யாரும் இல்லாத வேளையில் இங்கே எட்டிப் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். 'குடியிருப்பு வீடு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மின்சார அட்டையும் பொன்னுலிங்கத்தின் அப்பா பெயரில் வீட்டுக் கணக்காகவே இருந்ததால் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஊர்ப் பெண்கள் மனு கொடுத்ததால், புதன்கிழமை மறுபடி அளக்க வருவதாக அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள்.

"அளந்து நூறுக்குள்ள வந்தா இஞ்ச இருப்போம். வரல்லைன்னா ஒன்கூட ரயிலு" என்றாள் ராஜகனி. அவள் பெட்டிகளை ஏற்கெனவே பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பொன்னுலிங்கத்தின் கடையில் போய் உட்கார்ந்தேன். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற வேலை. முடி போன்ற கம்பியை ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணி இறக்க வேண்டும், ஒரு சுற்றுப் பிசகினால் மறுபடி முதலிலிருந்து. குடித்த காலத்தில் கை நடுங்கி, கம்பி பள்ளத்தில் நிற்காதாம். கடைசி இரண்டு வருடம் மோட்டார் கட்டியது ராஜகனி. இவர் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணிக்கை மட்டும் சொல்வாராம், அதையும் தப்பாக. அதை அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அவர் விரல் அசையாமல் நின்றது. என் விரல்தான் நிற்கவில்லை. ரயில் ஏறியதிலிருந்து ஒரு சொட்டு இல்லை. சாயா கிளாஸ் தட்டில் கடகடவென்று ஆடியது. பொன்னுலிங்கம் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்த வாழைச் சீப்பிலிருந்து இரண்டு மட்டிப்பழம் பிய்த்துத் தந்தார். கட்டை விரல் நீளம்கூட இல்லாத பழம், தேன் மாதிரி இனிக்கிறது. நான் ஏழெட்டுத் தின்றேன். சும்மா இருக்க முடியாமல் தெருவுக்கும் கடைக்குமாக நடந்தேன்.

மத்தியானம் சம்பா சோறும் மரச்சீனிக் கிழங்கும் புளி போட்ட மீன் கறியும். எங்கள் ஊரில் பருப்பில்கூட வெல்லம் போடுவார்கள், இங்கே எதைத் தொட்டாலும் தேங்காய். நாக்கு எரிய எரியச் சாப்பிட்டேன். "அண்ணன் நல்லா சாப்பிடுகான். நல்ல பழக்கம் உள்ள உடம்பு இப்பிடித்தான் இருக்கும்" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ராஜகனி சொன்னது காதில் விழுந்தது. கிழங்கை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை களியக்காவிளையில் ஒரு மர மில்லிலிருந்து பொன்னுலிங்கத்துக்கு அழைப்பு வந்தது. மோட்டார் புகைகிறதாம். "அவியள தனியா அனுப்ப எனக்குப் பயம். நீ கூடப் போ அண்ணே" என்றாள் ராஜகனி. ஆக நான் காவலுக்குப் போனேன்.

களியக்காவிளை எல்லையூர். வாழைக்குலை லாரியும் கோழி வண்டியும் இரண்டு மாநிலப் பஸ்ஸும் ஒரே சாலையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கடைப் பலகையில் இரண்டு எழுத்து, பேச்சில் இரண்டு மொழி, யார் எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குப் பிடிபடவில்லை. பொன்னுலிங்கம் மில்லுக்குள் போனார். "இங்க கரண்டு வேலை, தூசி வேற. நீங்க அந்தச் சாயாக்கடையில இருங்க மச்சான்" என்றார். ஐந்து நிமிடம் இருந்தேன். பிறகு கால் தானாக நடந்தது.

சந்துக்குள் திருவிழாக் கூட்டம். அன்றைக்கு ஒன்றாம் தேதி. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் கேரளத்தில் கடை அடைப்பு, அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் மொத்தமும் இந்தப் பக்கம் வரிசையில். எனக்கு முன்னால் நின்ற வேட்டிக்காரர் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்தவரைக்கும் இப்படி: "திருவள்ளுவர் தினத்தன்று உங்களுக்கு அடைப்புதானே? அன்றைக்கு நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள், நன்றாகக் கவனித்துக்கொள்கிறோம்." பின்னால் நின்றவர், "வருவோம், வருவோம். போன தடவையும் வந்தோம்லா" என்றார். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் ஸ்கூட்டருக்குக் காத்திருக்கிறோம், இவர்கள் பஸ் ஏறி வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு முன்னால் இரண்டே பேர் இருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"மச்சான், பஸ்ஸு வந்தாச்சு."

பொன்னுலிங்கம். எனக்கு வழி தெரியாமல் போய்விட்டதோ என்று தேடி அலைந்திருக்கிறார். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் ஒரு கடைக்குள் கால் வைத்தது என்னால்தான். அந்த நிமிடம் வரிசையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஒரு நிமிஷம் மாப்பிள்ளை" என்றேன். வாங்கினேன். அவர் சுவரோடு ஒட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டேதான் குப்பியைப் பையில் வைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தக்கலை தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. டயர் வெடித்ததா, வேறு ஏதாவதா என்று ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வாக்குவாதம். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு அம்மாள் பனையோலையில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள், வாங்கித் தின்றோம். இரண்டு பேருக்கும் நடுவில் என் பை இருந்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், டயரைப் போய்ப் பார்த்தேன், திரும்பி வந்தேன்.

"மச்சான்" என்றார் பொன்னுலிங்கம், நுங்குக் கையைத் துடைத்துக்கொண்டே. "உங்க பையில இருக்கது எங்க வீட்டுக்குள்ள வரண்டாம். வேற ஒண்ணும் நான் பறையல்ல."

குப்பியை எடுத்துக்கொண்டு ஒரு வாழைத் தோட்டத்து ஓரம் போனேன். மூடியைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, தெரியாது. பிறகு கவிழ்த்தேன். "அய்யோ பாவி! எதுக்குவே வாழைக்கு ஊத்துதீரு? எனக்குத் தந்திருக்கலாம்லா!" என்று ரோட்டோரத்திலிருந்து யாரோ கத்தினார்கள். பஸ் சரியானதும் எல்லோரும் ஏறினோம். பொன்னுலிங்கம் எனக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். வீட்டில் ராஜகனியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பஸ்ஸு ரிப்பேரு" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலையில் அளக்க வந்தவர் ஒரு பெண் அலுவலர், திருச்சிப் பக்கம். கூட நாடாவுடன் ஓர் உதவியாளர். ஊரே கூடிவிட்டது. "எனக்குக் கொடுத்த பேப்பர்ல இது வீடும்மா. கரண்ட் அட்டையும் வீடு" என்றார். "வீட்டுல யாரு மேடம் இம்புட்டு வெளக்கு வச்சிருக்கா? வந்து பாருங்க" என்று ராஜகனி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தார். கை தன்னிச்சையாகப் போய்த் தோளில் புடவை மடிப்பைச் சரிசெய்தது. உடனே தெரிந்துகொண்டு, "சாரி, சாரி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் சிரித்தது. எனக்கு அந்த அம்மாள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பொன்னுலிங்கம் தன் கடை பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, 'இது என் வீடல்ல, என் அப்பா காலத்திலிருந்து ஊர் மக்கள் கும்பிடும் தாங்கல், எனக்கோ என் வாரிசுக்கோ இதில் உரிமை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடுங்காத எழுத்து. அலுவலர் அதை இரண்டு தடவை படித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

நாடாவின் ஒரு முனையைத் தாங்கல் வாசலில் பொன்னுலிங்கம் பிடித்தார். மறுமுனை சாலையில் போனது. என் பக்கத்தில் நெற்றி நிறைய நாமம் போட்ட ஒருவர் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டேன். "அய்யாவே, நூறு தாண்டணும். நூறு தாண்டணும்." கடை வேண்டும் என்று தாங்கல் அய்யாவிடமே வேண்டிக்கொள்கிறார்! அடப்பாவி என்று நினைத்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில் நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

சாலை வழியாக நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். நாமக்காரர் கண்ணைத் திறந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரோட்டு வழியா யாரு நடக்கா? நாங்க தோப்பு வழியால்லா வருவோம், போவோம்" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். தென்னந்தோப்புக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அதில் அளந்தால் தொண்ணூற்று நான்கு. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஓடி வந்தார். "அது வழியே கிடையாது மேடம். தோப்பு. ஒரு ஆளு நடக்கமாட்டான். சும்மா சொல்லுகாவ." அவருடைய ஆட்கள், அந்த நாமக்காரர் உட்பட, ஆமாம் ஆமாம் என்றார்கள். அலுவலர் இரண்டு அளவையும் எழுதினார். அந்தப் பாதை வழிதானா என்று மேலே முடிவு செய்வார்கள் என்றார்.

"அதுவரைக்கும் மேடம்?" என்றாள் ராஜகனி.

"அதுவரைக்கும் திறக்கக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு இல்லம்மா" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் ராஜகனி துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுலிங்கம் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். திடீரென்று அவள் எழுந்து வந்து, "அண்ணே, இஞ்ச வா" என்று என்னைத் தாங்கலுக்குக் கூட்டிப் போனாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். பின்னாலேயே வந்த பொன்னுலிங்கம் தன் துண்டை என் தலையில் சுற்றிவிட்டார்.

"முப்பது வருசம் இருந்த இடத்த விட்டுட்டு வாறேன். எனக்கு நிம்மதியா ரயில் ஏறணும்" என்றாள். "அகமதாபாத்ல அது கிடைக்காதுன்னு அய்யா முன்னால ஒருக்கா சொல்லிரு."

வாயைத் திறந்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. ஊதிப்போன கன்னம், சிவந்த கண், தலையில் துண்டு. எனக்குப் பின்னால் அவள் முகம், நம்பிக்கையோடு காத்துக்கொண்டிருந்தது. சட்டத்தைச் சொல்லித் தப்பித்துவிடலாம். அங்கே தடை இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யும் இல்லை. எனக்கு முடியவில்லை.

"கிடைக்கும்" என்றேன்.

"என்னது?"

"போன் போட்டா வீட்டுக்கே வரும்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நான் வாங்குறேன், ராஜி. நாலு வருஷமா."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: "நேத்து ஒன்ன நம்பியில்லா நான் அவியள அனுப்புனேன்."

"ராஜகனி, போதும்" என்றார் பொன்னுலிங்கம்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழம கிளாஸ் ஆடும்பமே தெரியும். நான் ஆடாத ஆட்டமா?"

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்காக அழுதாளா, ஏமாந்துபோனதற்கு அழுதாளா, தெரியவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். வீட்டுக்குள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்டது. எங்கேயும் போவதில்லை என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கே சாலையில் கூட்டம். கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். பொன்னுலிங்கம் வேலைக்குப் போகவில்லை. குளித்து, நாமம் போட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"தாங்கல்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கு உச்சிப்படிப்பு உண்டு மச்சான். அப்பா இருந்தவரைக்கும் தெனமும் படிச்சாரு. அதுக்குப் பொறவு நான் படிக்கல்ல. பன்னெண்டு மணிக்கு எனக்கு வேற சோலி இருந்துல்லா." சிரித்தார். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. "இண்ணைக்கு ஒரே நேரத்துல ரெண்டும் தொறக்கும். ஒத்தைக்கு நிண்ணா கால் எந்தப் பக்கம் போவும்னு எனக்குத் தெரியாது. நீங்க கூட நில்லுங்க."

"எனக்கே கால் நிக்காது மாப்பிள்ளை."

"அதுனாலதான் கூப்பிடுகேன்."

அவரே எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டார். மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற அதே விரல், ஒவ்வொரு சுற்றையும் இழுத்துப் பார்த்து இறுக்கியது. உள்ளே போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். ராஜகனி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். காலையிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஆனாலும் வந்து நின்றாள்.

அவர் ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் ஷட்டர் ஏறுகிற சத்தம் தடதடவென்று கேட்டது. வெளியே ஒரு கூச்சல். அவர் குரல் அப்படியே நின்றுவிட்டது. தொண்டை ஏறி இறங்கியது, களியக்காவிளையில் பார்த்த அதே மாதிரி. எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. கடைசியாக அவர் சொன்ன சொல்லை மட்டும் உரக்கத் திருப்பிச் சொன்னேன். ராஜகனியும் சொன்னாள். மறுபடி சொன்னோம். மூன்றாவது தடவை அவர் குரல் வந்து சேர்ந்துகொண்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணாடியில் வாசலும், வாசலுக்கு அப்பால் தோப்பும் தெரிந்தன. வரிசையில் முந்த வேண்டும் என்று ஆட்கள் தோப்புக்குள்ளே குறுக்கே விழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் தூசி பறந்தது. முன்னால் ஓடியவர் நேற்றைய நாமக்காரர். அது வழியே கிடையாது என்று சாதித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அந்த வழியில் வந்துகொண்டிருந்தார்கள்.

"ராஜி, போன்" என்றேன்.

அவளும் கண்ணாடியில் பார்த்துவிட்டிருந்தாள். படிப்பை நிறுத்தாமல், வாயில் வரியைச் சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய், போனைத் தூக்கிப் பிடித்து முழுக்கப் படம் எடுத்தாள். பொன்னுலிங்கம் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படித்தார். அவர் தோளில் வியர்வை ஓடியது. முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கை நடுங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படம் மனுவோடு போனது. மூன்றாவது வாரம் கடை மூடப்பட்டது. எங்கே மாற்றினார்கள் என்று ராஜகனி விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

என் ரயில் டிக்கெட் வீணாகிவிட்டது. இன்னும் இங்கேதான் இருக்கிறேன். பொன்னுலிங்கத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இப்போது நானும் போகிறேன். நடுவில் ஒருநாள் நாகர்கோவிலுக்குத் தனியாகப் போனபோது தவறிவிட்டேன். அதை வந்து சொன்னேன், ராஜகனி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சோறு மட்டும் போட்டாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். கடை போன பிறகும் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் இருவரும் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய் நிற்கிறோம்.

நேற்று பொன்னுலிங்கத்துக்கு ஒரு வருடம் முடிந்தது. ராஜகனி பாயசம் வைத்தாள். அவருக்கு ஊற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒனக்கு எத்தன?"

"பத்தொம்பது."

"நாளுதான?"

"நாள்தான்."

பிறகு என் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றினாள், இன்னொரு கரண்டியும் ஊற்றினாள்.